பாதி மூடிய ‘ம’

எனக்குக் காது கேட்காது.
ஏழு வயதில் வந்த காய்ச்சல் கொண்டுபோனது.
அதனால் எந்த விருந்திலும் எனக்கு
உஷாங்கிக்கு நேரெதிர் நாற்காலி.
அக்காள் கணவர்.
குத்தாயிசியில் எங்கள் தெருவுக்கே
விருந்தை நடத்தும் தமதா.
நான் படிப்பதற்காகவே மீசையை
உதட்டுக்கு மேலே கத்தரித்துக்கொள்பவர்.
யாரிடமும் இதைச் சொன்னதில்லை அவர்.

அன்று திராட்சை மிதித்து முடித்த இரவு.
இறந்தவர்களுக்கான வாழ்த்து.
எழுந்து நின்று, ரொட்டித் துண்டில் ஒயின் சொட்டி
பதினொரு பெயர்களைச் சொன்னார்.
பதினொன்றும் முழுசு முழுசாக என் கண்ணுக்கு வந்தன.
உள்ளே அடுப்பில் பாலாடைக்கட்டி ரொட்டி.
மணி அடித்தால் எனக்குத் தெரியாது,
கடிகாரத்தைத்தான் பார்ப்பேன்.
எட்டு நாற்பது.

ரொட்டியோடு நான் திரும்பியபோது
குழந்தைகளுக்கான வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது.
ஒரு வரிகூடப் பிடிபடவில்லை.
முதலில் என் கண்ணைச் சந்தேகித்தேன்,
பிறகு விளக்கை, சிகரெட் புகையை.
அவர் ‘கௌமர்ஜோஸ்’ என்றார்.
வெல்க என்று பொருள்.
அந்த வாயில் ஆயிரம் முறை பார்த்த சொல்.
நடுவே ஒரு ‘ம’ வரும்.
‘ம’வுக்கு உதடுகள் ஒட்டியாக வேண்டும்.
வலப்பக்கம் ஒட்டியது.
இடப்பக்கம்
தாழ்ப்பாள் விழாத கதவாகத்
திறந்தே கிடந்தது.
அந்தச் சந்து வழியே ஒயின்
தாடைக்கு இறங்கியது.

மேசை சிரித்தது.
சிரிப்பை நான் தோள்களில் பார்ப்பேன்.
‘தமதாவுக்கே ஏறிவிட்டது’ என்றான் நுக்சர்.
ஏறினால் இரண்டு பக்கமும் ஏறும், நுக்சர்.
குடி முகத்தைப் பாகம் பிரிக்காது.

அவருடைய இடது கை
வால்நட் விழுதுத் தட்டுக்குள்
மணிக்கட்டு வரை கிடந்தது,
யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன கை போல.
அவர் அதைப் பார்க்கவேயில்லை.

மருத்துவமனைகளில் என் பெயரைக் கூப்பிடுவது
எனக்குக் கேட்காது என்பதால்
சுவர்களையெல்லாம் படித்துவைத்திருக்கிறேன்.
முகம். கை. பேச்சு. நேரம்.
நான்கு படங்கள், மூலை கிழிந்த தாள்.

தமதா பேசும்போது யாரும் எழக் கூடாது.
எழுந்தேன்.
இரு கைகளையும் தூக்கிக் காட்டினேன்: இப்படி.
விளையாட்டு என்று நினைத்துத் தூக்கினார்.
வலது கை நின்றது.
இடது கை விழுது அப்பிய விரல்களோடு
தோள் உயரம்வரை வந்து
தானே இறங்கியது, மெதுவாக,
அவரைக் கேட்காமல்.

‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றார்.
அதையும் பாதி வாயால்.

கறுப்புக் காபி கொடு என்றது ஒரு வாய்.
எலுமிச்சை என்றது இன்னொன்று.
படுக்கவை, விடிந்தால் சரியாகும் என்றாள் அக்காள்.
கோப்பையை உள்ளங்கையால் மூடினேன்.
எனக்கென்று ஒரு குரல் உண்டு.
ரம்பம் போலிருக்கும் என்று பள்ளியில் சொன்னார்கள்,
அன்றோடு உள்ளே வைத்துப் பூட்டியது.
அதை எடுத்தேன்.
‘நூற்றுப் பன்னிரண்டு!’
மேசையிலிருந்த அத்தனை தலைகளும் திரும்பின.
நுக்சர் கையில் போன் நடுங்கியது.

கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?
மருத்துவர் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.
இரண்டாம் கொம்பு குடித்த பிறகு.
இல்லை, பாட்டுக்கு முன்னால்.
ஒன்பது இருக்கும். பத்து?
எப்போதும்போலத்தான் இருந்தார், டாக்டர்.
நான் அவர் பேனாவைப் பிடுங்கி
அவருடைய கையுறையிலேயே எழுதினேன்:
8.40.
ஓடினார்கள்.

மார்ச் வந்துவிட்டது.
ரியோனி ஆற்றில் பனிநீர் பழுப்பாக ஓடுகிறது.
உஷாங்கி சட்டைப் பொத்தானை ஒரு கையால் போடுகிறார்,
மூன்றாவதில் எரிச்சல் வந்து விட்டுவிடுகிறார்.
இன்னும் பேசுகிறார்.
என்ன சொல்கிறார் என்று புரிய
இப்போது எல்லோரும்
முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
அவர் வாயையே பார்க்கிறார்கள்.
நுக்சர்தான் அதிகம் தவறாகப் படிக்கிறான்.
மேசைக்கு அடியில்
அவன் முழங்காலில் விரலால் எழுதித் திருத்துகிறேன்.